வீட்டுக் கிணற்று நீரும் மென்னீராக்கியின் அளவும்

எழுவான்கரையிற் காணி பார்க்கச் செல்லும் பெரியோர், வேலியையும் தென்னைகளையும் பார்க்குமுன் கிணற்றை எட்டிப் பார்ப்பர். ஒரு வாளி நீரை அள்ளி, ஒரு மிடறு வாயிலிட்டுச் சுவைத்து, "நல்ல தண்ணீர்" என்றோ, "சவர்த் தண்ணீர்" என்றோ தீர்ப்புக் கூறுவர். உவர்ப்பைக் கண்டறிவதில் அவர்தம் நாப் பெரும்பாலுந் தவறுவதில்லை. ஆயினும், நாவினால் எளிதில் அறியப்படாத குணமொன்றும் கிணற்று நீருக்கு உண்டு. நல்ல தண்ணீர் என்று பெயர்பெற்ற கிணற்றிலேயே சவர்க்காரம் நுரையாதிருத்தலும், பருப்பு அவிய நெடுநேரம் எடுத்தலும், கேத்திலின் அடியில் வெண்படை படிதலும், தலைமுழுகிய பின் கூந்தல் பிசுபிசுத்தலும் உண்டு. இக்குணத்தை இரசாயன நூலார் நீரின் வன்மை என்பர்.

வன்மையை நீக்குங் கருவிகள் அண்மைக்காலத்திலே நம் பட்டினத்துக் கடைகளுக்கும் வந்துள்ளன. கடைக்காரர் அதனை "வோட்டர் சொப்ட்னர்" என்பர். நாம் இக்கட்டுரையில் மென்னீராக்கி என வழங்குவோம். அதனை வாங்க எண்ணுவோர் கேட்கும் முதல் வினா, "எங்கள் வீட்டுக்கு எந்த அளவு பொருந்தும்?" என்பதாகும். பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண் இவ்வினாவுக்கு விடையாகாது. கிணற்றின் இயல்பு, வீட்டாரின் தேவை, பருவத்தின் மாற்றம் ஆகிய மூன்றையும் அறிந்து, சிறியதொரு கணக்கைச் செய்தே விடைகாணல் வேண்டும். அக்கணக்கை விளக்குவதும், கணக்குத் தவறுமிடத்து அதனால் விளையுங் கேடு நம் கைப்பொருளோடு நில்லாது நாம் அருந்தும் நீரையும் பற்றும் என்பதைக் காட்டுவதும் நமது நோக்கமாகும்.

வன்மை என்பது யாது?

மழைநீர் நிலத்தை அடையும்போது ஏறக்குறையத் தூயதாகவே இருக்கிறது. வானிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை அது தன்னுட் கரைத்துக்கொண்டு மெல்லமிலத் தன்மை அடைகிறது. அந்நீர் சிப்பி, சங்கு, சுண்ணக்கல் முதலியவற்றிலுள்ள கல்சியங் காபனேற்றைத் தாக்கி, நீரிற் கரையத்தக்க கல்சியம் இருகாபனேற்றாக மாற்றிவிடுகிறது. இவ்வாறே மகனீசியச் சேர்வைகளும் கரைகின்றன. கல்சியம், மகனீசியம் ஆகிய இரண்டின் அயன்களே நீரின் வன்மைக்கு முதற்காரணம். இவை சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத வெண்டிரளாக வீழ்படியும். இவையனைத்தும் வீழ்ந்து முடிந்த பின்னரே நுரை தோன்றும்.

இருகாபனேற்றுக்களால் உண்டாகும் வன்மை, நீரைக் கொதிக்கவைத்தலால் நீங்கும். ஆதலின் அது தற்காலிக வன்மை எனப்படும். கேத்திலில் நாம் காணும் படை இவ்வாறு பிரிந்து விழுந்த காபனேற்றே. சல்பேற்று, குளோரைட்டு ஆகியவற்றாலாகும் வன்மை கொதித்தலால் நீங்காது. அது நிரந்தர வன்மையாகும்.

இரு வகையையும் ஒருங்கே கூட்டி, அவற்றுக்குச் சமமான கல்சியங் காபனேற்று ஓர் இலீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் எனக் கூறுதல் மரபு. 60 மில்லிகிராம் வரை உள்ளது மென்னீர். 180க்கு மேற்பட்டது மிக்க வன்னீர் என்று பொதுவாகக் கொள்வர். இலங்கையின் குடிநீர்க் கட்டளையான எஸ். எல். எஸ். 614, அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலே 250 மில்லிகிராமை மேலெல்லையாக வகுத்துள்ளது. உலக சுகாதார நிறுவனமோ உடல்நலங் கருதி வன்மைக்கு எல்லை எதனையும் விதிக்கவில்லை. வன்னீர் நஞ்சன்று என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். அது செலவையும் தொல்லையையும் தருவது, அவ்வளவே.

அச்செலவு எத்துணையது என்பதையும் பார்ப்போம். 300 மில்லிகிராம் வன்மையுள்ள நீரில் 100 இலீற்றரை எடுத்தால், அதில் 30 கிராம் வன்மைப் பொருள் உள்ளது. அதனை முழுவதும் சவர்க்காரத்தினாலேயே வீழ்த்த வேண்டுமாயின், சமன்பாட்டின்படி ஏறத்தாழ 180 கிராம் சவர்க்காரம் அழியும். துணியிலுள்ள அழுக்குக்கு இன்னும் ஒன்றும் செய்யப்படவில்லை! இக்காலத்துச் சலவைத்தூள்கள் வன்னீரில் இவ்வாறு திரள்வதில்லை. ஆதலால் தூளைக்கொண்டு துவைக்கும் வீட்டுக்கு வன்மையால் வரும் இழப்புக் குறைவே.

நமது நிலத்தின் இயல்பு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே பெரியகல்லாற்றிலும் அது கடலோடு கலக்கிறது. வாவிக்குங் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாக அமைந்துள்ளது எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்கள் இதன்மீதே நெருங்கி அமைந்துள்ளன. இவ்வூர்களின் கிணறுகளுக்கு ஆற்றினால் நன்னீர் வருவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையே மணலிற் சுவறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது. கடல்நீர் அடர்த்தி கூடியது. அதனாலேயே இம்மிதப்பு நிகழ்கிறது.

இம்மிதப்பின் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபென் என்பாரும், 1901இல் செருமானியரான ஏர்ஸ்பேக் என்பாரும் தனித்தனியே கண்டனர். ஒரே தன்மையான மணலிலே, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மறுதலையாக, மேலே 1 அடி குறைந்தால் கீழே காலப்போக்கில் 40 அடி நன்னீர் அற்றுப்போகும். துலாவும் கப்பியும் வாளியுமாக இறைத்த காலத்திலே கிணறு இளைப்பாற நேரம் இருந்தது. மின்பம்பியோ ஒரு நாழிகையிற் கிணற்றின் அடியைக் காட்டிவிடும்.

படுவான்கரையின் நிலம் வேறு வகையானது. அங்கே தொன்மையான பளிங்குருப் பாறைகள் சிதைந்து உண்டான மண்ணிலும், பாறை வெடிப்புக்களிலும் நீர் தங்குகிறது. பாறையின் கனிப்பொருள்கள் கரைவதால் அந்நீருக்கு வன்மை உண்டாகிறது. சிற்சில கிணறுகளில் இரும்பும் கலந்து, துணியிலும் தொட்டியிலும் செந்நிறக் கறை பற்றும்.

மணலுக்கு உப்பு ஏறினால் நேர்வது யாது என்பதை 2004 திசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை நம் மக்களுக்கு உணர்த்திற்று. அலை புகுந்த கிணறுகளெல்லாம் உவர்த்தன. மக்கள் பம்பிகளால் மீண்டும் மீண்டும் இறைத்துப் பார்த்தனர். கல்லடி, களுதாவளை, ஒலுவில் ஆகிய இடங்களிற் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார், இத்தகைய இறைப்பு உவரை விரைவில் நீக்கவில்லை என்றும், மழையே அதனைக் கழுவிற்று என்றும் கண்டனர். நமது மணல் உப்பை எளிதில் ஏற்கும், மெல்லவே விடும். மென்னீராக்கி உப்பினால் இயங்குங் கருவி. ஆதலின் இப்படிப்பினை நம் பொருளுக்குப் பெரிதும் வேண்டற்பாலது.

ஒரே எண், இரு வேறு நீர்

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடல்நீரின் மொத்த வன்மை இலீற்றருக்கு ஏறத்தாழ 6,300 மில்லிகிராம். அதன் குளோரைட்டு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். ஒரு கிணற்று நீரின் 20 பங்கில் 1 பங்கு கடல்நீராயின், அதனாலேயே வன்மை 300க்கு மேற் காட்டும். சிப்பித்துகள் நிறைந்த மணலில் உள்ள வேறொரு கிணறும், கடலின் கலப்புச் சிறிதுமின்றி, அதே 300ஐக் காட்டலாம். வன்மையை மாத்திரம் அளப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

ஆனால் முதலாவது கிணற்றில் குளோரைட்டு 950 மில்லிகிராம் அளவில் இருக்கும். எஸ். எல். எஸ். 614 அதற்கு இடும் எல்லை 250 ஆகும். இந்நீரை மென்னீராக்கியினூடு செலுத்தினால் கல்சியமும் மகனீசியமும் நீங்கும். குளோரைட்டில் ஓர் அணுவும் குறையாது. சோடியம் முன்னையினுங் கூடும். வாயில் உவர்ப்பது உவர்த்தபடியே இருக்கும். இத்தகைய கிணற்றுக்கு எவ்வளவு பெரிய மென்னீராக்கி வாங்கினும் பயனில்லை. நுண்சவ்வினூடாக நீரை அழுத்திப் பிழியும் வேறு கருவியினாலேயே உவர்ப்பு நீங்கும். அல்லது இறைப்பைக் குறைத்து, மழையைக் காணிக்குள்ளேயே சுவறவிட்டு, கிணறு தேறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

எனவே, "எந்த அளவு?" என்று கேட்குமுன், "என் கிணற்றின் நீர் வன்னீரா, உவர்நீரா?" என்று கேட்டல் வேண்டும்.

சோதிக்கும் முறை

அபடீன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தோமஸ் கிளாக் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சவர்க்காரக் கரைசலைக்கொண்டு வன்மையை அளந்தார். அம்முறையின் எளிய வடிவத்தை எவரும் வீட்டிலே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு போத்தல்களுள் ஒன்றில் மழைநீரும், மற்றதிற் கிணற்று நீரும் அரைவாசிக்கு எடுத்து, சவர்க்காரக் கரைசலைத் துளிதுளியாக இட்டுக் குலுக்குக. நிலைத்த நுரை தோன்ற இரண்டுக்கும் எத்தனை துளி சென்றதென ஒப்பிடுக. இதனால் வன்மை உண்டா இல்லையா என்பது தெரியும். கணக்குக்கு வேண்டிய எண் கிடையாது.

அவ்வெண்ணைப் பெறும் முறை உயர்தர வகுப்பு மாணவர் ஆய்கூடத்திற் செய்வதே. 50 மில்லிலீற்றர் நீரைக் குழாயியால் எடுத்து, அமோனியாத் தாங்கற் கரைசலும் எரியோகுரோம் கறுப்புக் காட்டியும் சேர்த்தால் நீர் செந்நிறமாகும். 0.01 மூலர் ஈ. டீ. டீ. ஏ. கரைசலை அளவியிலிருந்து விடுக. செம்மை முற்றாக நீங்கி நீலந் தோன்றுமிடமே முடிவுநிலை. செலவான மில்லிலீற்றரை 20ஆற் பெருக்கினால் இலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் வன்மை என்பது வரும். 15 மில்லிலீற்றர் சென்றதாயின் வன்மை 300 ஆகும். குளோரைட்டை வெள்ளி நைத்திரேற்றினால், பொற்றாசியம் குரோமேற்றைக் காட்டியாகக் கொண்டு நியமிக்கலாம். இரும்பையும் உடன் சோதித்தல் நன்று. அது 0.3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், முதலிற் காற்றூட்டி வடிகட்டி நீக்கல் வேண்டும். அன்றேல் கருவியிலுள்ள பிசின் மணிகளைக் கறைப்படுத்திப் பழுதாக்கும்.

ஒருமுறை சோதித்தல் போதாது. கச்சான் காற்று வீசி நிலம் வறண்ட ஆவணி மாதத்தில் ஒருமுறையும், மாரி ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறையும் சோதித்தல் வேண்டும். கணக்குக்கு ஆவணி எண்ணைக் கொள்க. தை எண்ணைக் கொண்டு கருவியின் அமைப்பை மழைக்காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்க.

மென்னீராக்கி தொழிற்படும் விதம்

சில பொருள்கள் தம்மிடமுள்ள ஓர் அயனைக் கொடுத்து வேறோர் அயனை ஏற்கும் என்பதை 1850ஆம் ஆண்டளவில் தொம்சன், வே என்னும் ஆங்கிலேயர் இருவர் மண்ணை ஆராயும்போது கண்டனர். 1935இல் அடம்ஸ், ஓம்ஸ் என்னும் இருவர் இவ்வியல்புடைய செயற்கைப் பிசின்களை ஆக்கினர். இன்றைய கருவிகளில் இருப்பவை அவ்வழி வந்த சிறு மணிகளே. மணிகள் சோடியம் அயன்களைச் சுமந்து நிற்கும். வன்னீர் அவற்றினூடு செல்லுகையிற் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பற்றிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை விடும். சோடியம் தீர்ந்தபின் அடர்ந்த உப்புக் கரைசலைச் செலுத்தினால், மணிகள் மீண்டும் சோடியத்தை ஏற்றுப் பழைய நிலைக்கு வரும். இதனை மீள்விப்பு என்போம். பற்றியிருந்த கல்சியமும் மகனீசியமும், உப்பின் குளோரைட்டு முழுவதும் கழிவுநீராக வெளியேறும்.

100 மில்லிகிராம் வன்மையை நீக்கும்போது 46 மில்லிகிராம் சோடியம் நீரிற் சேரும். 300 மில்லிகிராம் வன்மை நீங்கிய நீரில் இவ்வாறு 138 மில்லிகிராம் சோடியங் கூடியிருக்கும். குருதி அமுக்கம் உடையோரும், உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் கூறியோரும் உள்ள வீட்டிலே குடிநீரையும் சமையல் நீரையும் மென்னீராக்காது விடுதலே நன்று. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வரும் வீடுகளிற் குடிநீருக்கு இக்கருவி வேண்டியதில்லை.

கொள்ளளவைக் கணித்தல்

எடுத்துக்காட்டாக, அறுவர் வாழும் வீடொன்றைக் கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 இலீற்றர் வீதம் 720 இலீற்றர் நீர் செலவாகிறது. ஆவணி மாத வன்மை 300 மில்லிகிராம். அங்ஙனமாயின் நாள்தோறும் நீக்கவேண்டிய வன்மை 720 × 0.3 = 216 கிராம். வாரத்துக்கு ஒருமுறை மீள்விப்பதாயின் 216 × 7 = 1,512 கிராம். இவ்வளவையும் தாங்கும் பிசினே வேண்டும்.

ஒரு இலீற்றர் பிசின் எவ்வளவு வன்மையைத் தாங்கும் என்பது, அதனை மீள்விக்க இடும் உப்பின் அளவைப் பொறுத்தது. இலீற்றருக்கு 96 கிராம் உப்பு இட்டால் ஏறத்தாழ 45 கிராம் வன்மையைப் பற்றும். உப்பை இரண்டரை மடங்காக்கி 240 கிராம் இட்டால் ஏறத்தாழ 68 கிராமையே பற்றும். உப்பு இரண்டரை மடங்காகியும் பயன் ஒன்றரை மடங்குக்கு மேற் செல்லவில்லை. எஞ்சிய உப்பு வீணே கழிகிறது. பெட்டிகளின்மேல் அச்சிடும் எண் பெரும்பாலும் இந்த மிகுதியான உப்பளவுக்கே உரியது. அவ்வெண் அமெரிக்க வழக்கின்படி கிரெயின் என்னும் நிறையிற் கூறப்படும். 1 கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். "32,000" எனக் குறித்த பெட்டி, ஏட்டின்படி 2,070 கிராம் வன்மையைத் தாங்கவேண்டும். அதிலுள்ள பிசின் பெரும்பாலும் 28 இலீற்றரே. சிக்கனமான உப்பளவில் அது 1,300 கிராம் அளவே தாங்கும்.

நம் எடுத்துக்காட்டு வீட்டுக்குச் சிக்கன முறைப்படி 1,512ஐ 45ஆற் பிரித்தால் ஏறத்தாழ 34 இலீற்றர் பிசின் வேண்டும். வாரத்துக்கு 3¼ கிலோ வீதம் ஆண்டுக்கு 170 கிலோ உப்புச் செல்லும். சிறிய கருவியே மலிவு என்று 22 இலீற்றர்ப் பிசினை வாங்கி, மிகுந்த உப்பால் மீள்வித்தால், அதே வேலைக்கு ஆண்டுக்கு 275 கிலோ உப்புச் செல்லும். வாங்கும்போது மிஞ்சிய பணம் உப்பு மூடையாக ஆண்டுதோறும் கைவிட்டுப் போகும்.

இனி, 720 இலீற்றரும் மென்னீராதல் அவசியமா? மலகூடத்துக்கும், முற்றங் கழுவுதற்கும், மரக்கறித் தோட்டத்துக்கும் வன்னீரே போதும். தோட்டத்துக்கு அதுவே ஏற்றது, சோடியம் மிகுந்த நீர் பயிருக்கும் மண்ணுக்கும் ஆகாதாதலின். தலைமுழுகல், துணி துவைத்தல், நீர் சூடாக்கல், பாத்திரங் கழுவல் ஆகியவற்றுக்கு ஒருவருக்கு 50 இலீற்றர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 300 இலீற்றர். வன்மை 90 கிராம். வாரத்துக்கு 630 கிராம். வேண்டிய பிசின் 14 இலீற்றர். ஆண்டுக்கு உப்பு 70 கிலோ. முதலில் மென்னீராக்க வேண்டிய நீரைக் குறைத்து, அந்நீருக்குப் பிசினைத் தாராளமாகக் கணித்து, உப்பைச் சிக்கனமாக இடுதலே நாம் கூறும் விதியாகும்.

பாய்ச்சலும் அழுத்தமும்

கொள்ளளவு பொருந்தியும் கருவி பயன்படாது போதல் உண்டு. நீர் மணிகளினூடு மிக விரைந்து சென்றால் அயன்கள் இடமாற நேரம் போதாது. ஒரு மணித்தியாலத்தில் பிசினின் கனவளவைப்போல் 40 மடங்கு நீருக்கு மேற் செலுத்தாதிருத்தல் நன்று. 14 இலீற்றர்ப் பிசினுக்கு இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 இலீற்றராகும். கிணற்றுப் பம்பிகளிற் பல நிமிடத்துக்கு 30 இலீற்றருக்கு மேற் தள்ளுவன. இத்தகைய பம்பிக்கு நேரே சிறு கருவியைப் பொருத்தினால், நீர் மெனமையுறாமலே மேற்றாங்கியை அடையும். மேற்றாங்கியின் கீழ் பொருத்துவோமெனின், 5 மீற்றர் உயரத் தாங்கி தரும் அழுத்தம், தானியங்கித் தலைப்புடைய கருவிகளுக்குப் போதாது. அவற்றுக்கு 15 முதல் 20 மீற்றர் நீருயரத்துக்கு ஒத்த அழுத்தம் வேண்டும்.

நம்மூர் வீடுகளுக்கு இருவழிகள் பொருந்தும். மேற்றாங்கியின் கீழ், கையினால் திருப்பும் தலைப்புடைய கருவியை வைத்து, மென்னீருக்கெனத் தனிக்குழாய் இழுத்தல் ஒன்று. பம்பிக்குப் பின் கிளைக்குழாயிட்டு, பாய்ச்சலை வாயிலால் மட்டுப்படுத்தி, மென்னீருக்கெனச் சிறு தாங்கியொன்றை நிரப்புதல் மற்றது. தானியங்கிக் கருவியே வேண்டுவோர், நாளெண்ணி மீள்விப்பதை விடுத்து, சென்ற நீரை அளந்து மீள்விப்பதைத் தேர்க. நாளெண்ணுங் கருவி, வீட்டார் அனைவரும் கதிர்காம யாத்திரை சென்றிருக்கும்போதும் குறித்த இரவில் உப்பைக் கரைத்துக் கொட்டும்.

கழிந்த உப்புச் செல்லும் இடம்

இதுவரை கூறியவை சிக்கனத்தைப் பற்றியன. இனிக் கூறுவது கிணற்றின் உயிரைப் பற்றியது. 170 கிலோ உப்பில் குளோரைட்டு ஏறத்தாழ 103 கிலோ. அது முழுவதும் கழிவுநீரோடு செல்லும். எழுவான்கரையிற் கழிவுநீர் செல்லுமிடம் பெரும்பாலும் அதே காணியின் மணலே. அவ்வளவு குளோரைட்டு, 410,000 இலீற்றருக்கு மேற்பட்ட தூய நீரை 250 மில்லிகிராம் என்னும் எல்லைக்கு உயர்த்தவல்லது. அவ்வீட்டார் ஓராண்டில் இறைக்கும் நீரோ ஏறத்தாழ 263,000 இலீற்றர்தான். தாம் இறைப்பதினும் மிகுந்த நீரைக் கெடுக்கவல்ல உப்பை அவர்கள் ஆண்டுதோறும் மணலுக்குக் கொடுக்கின்றனர். சிறிய கணக்கின்படியான 70 கிலோ உப்பும் 170,000 இலீற்றரை அவ்வெல்லைக்கு உயர்த்தும், அதுவும் சிறிதன்று.

மாரி மழை இதில் ஒரு பகுதியைக் கழுவும் என்பது உண்மை. ஆனால் நெருங்கிய குடியிருப்பிலே ஒரு வீட்டின் கழிவு அடுத்த வீட்டின் கிணற்றை நோக்கிச் செல்வதும் உண்மை. வன்மையை நீக்க வாங்கிய கருவி, சில ஆண்டுகளில் அயலான் கிணற்றை உவராக்குமாயின், அது நன்மையாகாது. ஆதலின் கழிவுநீரைக் கிணற்றருகே விடாது, நிலத்தடி நீர் செல்லும் போக்கறிந்து, கிணறுகளுக்கு அப்பாற் கொண்டுசெல்லுதல் வேண்டும். அதற்கு வசதியில்லாத சிறு காணியில் மென்னீராக்கி வைக்காதிருத்தலே அயலறம்.

அவர்களுக்கு வேறு வழி இல்லையா? உண்டு. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100 இலீற்றர் நீர் விழும். முதல் மழையைக் கழியவிட்டு, பின்வருவதை மூடிய தாங்கியிற் சேர்த்தால், பருப்பவிக்கவும் தலைமுழுகவும் ஏற்ற மென்னீர் உப்பின்றியே கிடைக்கும். தாங்கி நிரம்பி வழிவதைக் காணிக்குள் சுவறவிட்டால் கிணறும் நலம்பெறும். தற்காலிக வன்மையே மிகுந்த நீராயின், சமையலுக்கு வேண்டியதைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு வடித்தலும் போதுமானது.

நமது கடமை

தன் கிணற்றின் வன்மை எத்துணை, குளோரைட்டு எத்துணை என்பதை அறியாது எவரும் இக்கருவிக்குப் பணம் கொடுத்தல் ஆகாது. அவ்விரு எண்களையும் அறிதற்கு வேண்டிய அளவியும் குழாயியும் நம் கல்லூரி ஆய்கூடத்தில் உள்ளன. அவற்றைக் கையாளும் மாணவரும் உளர். விழா ஆண்டாகிய இவ்வாண்டு தொடக்கம், உயர்தர வகுப்பு மாணவர் ஆவணியிலும் தையிலும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொணர்ந்து சோதித்து, ஊர், கிணற்றின் ஆழம், வன்மை, குளோரைட்டு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவருவாராக. வேண்டிய இரசாயனப் பொருள்களை வாங்கிக் கொடுத்தல் பழைய மாணவராகிய நமக்குப் பெருஞ்செலவன்று. பத்தாண்டுகள் இவ்வாறு எழுதப்படுமாயின், எந்த ஊரின் நீர் தேறுகிறது, எந்த ஊரின் நீர் உவர்க்கத் தொடங்குகிறது என்பதை அப்பதிவேடே காட்டும். கிணறு வெட்டுவோரும், வீடு கட்டுவோரும், மென்னீராக்கி வாங்க நினைப்போரும் அதனைப் பார்த்துத் தெளிவர். ஆசிரியர்களும் பழைய மாணவர் சங்கத்தாரும் இதனை ஏற்று, வரும் ஆவணியிலேயே தொடங்கிவைப்பாராக.